சிவப்பில் பதினாலு

ஐசக் மவுன்சி சனிக்கிழமை செத்திருந்தால் பண்ணை தப்பும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பன்னிரண்டு அடிப்பதற்குள் செத்திருந்தாலும் தப்பும். திங்கட்கிழமை செத்திருந்தால் நாலு லட்சம் பவுண்டு வரி.

ஐசக்கின் மருமகள் மரியன் மவுன்சி இதைச் சொன்னபோது உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். குரலில் அழுகை இல்லை. கத்தி மட்டும் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கியது. தோலோடு பாதிக் கிழங்கும் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

"இப்படியே சீவினா வரி கட்டுறதுக்கு முன்னாடி பட்டினி வந்துடும்," என்றான் லென் ஃபியரன்.

அவள் சிரிக்கவில்லை. லென்னும் எதிர்பார்க்கவில்லை. ஆட்டுச் சந்தையில் இருபது வருஷம் செம்மறிகளை ஏல வளையத்துக்குள் விரட்டியவன். முழங்கால் போன பிறகு, தனியாகத் துப்பு விசாரிக்கும் எடித் பெர்கெட்டிடம் எடுபிடியாகச் சேர்ந்தான். எடித் போலீசில் இருபத்தாறு வருஷம் இருந்தவள். பாதிக்கு மேல் ஆடு திருடுகிறவர்களைப் பிடிப்பதிலேயே போனது. ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் லென் அவளை சார்ஜன்ட் என்றுதான் கூப்பிடுவான். அவளும் திருத்தவில்லை.

எடித் தேநீரைத் தொடாமல், விஷயத்தை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

மரியன் சொன்னாள். உழுது மேய்க்கிற நிலத்துக்கு வாரிசு வரி இல்லை என்பதுதான் இவ்வளவு காலச் சட்டம். அதனால் எல்லா வக்கீலும் எல்லாக் கிழவனுக்கும் ஒரே புத்தி சொன்னார்கள்: உயிரோடு இருக்கும்போது பிள்ளை பேருக்கு மாற்றாதே, சாகும்வரை கையில் வை. ஐசக்கும் வைத்திருந்தார். அவருக்கு எண்பத்திரண்டு ஆனபோது சட்டத்தை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். ஏப்ரல் ஆறாம் தேதியிலிருந்து, வரம்புக்கு மேலே உள்ள மதிப்புக்கு வரி. சரி, இப்போதே மகனுக்குக் கொடுத்துவிடலாம் என்றால், கொடுத்தபின் ஏழு வருஷம் உயிரோடு இருந்தாக வேண்டும். அவருடைய இதயத்துக்கு டாக்டர் ஏழு மாதம்கூட உத்தரவாதம் தரவில்லை.

பண்ணையின் மதிப்பு வரம்பைத் தாண்டியதற்குக் காரணம் ஆடுகள் அல்ல. ஏரிக்கரையில் இருக்கும் மூன்று வயல்கள். விடுமுறை வீடு கட்டுகிறவர்கள் அதற்கு வைத்த விலையைத்தான் வரி ஆபீஸ் எடுத்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியுமாம்.

"ஆடுங்களுக்கும்தான் தெரியுது," என்றான் லென். "அதுங்ககிட்ட வாடகை கேட்டுப் பாத்தீங்களா?"

இந்தத் தடவை அவள் கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அந்த வயல்களை விற்றால் வரி கட்டலாம் என்று வக்கீல் சொன்னதையும், வக்கீலுக்குத் தான் சொன்ன பதிலையும் சொன்னாள். குளிர்காலத்துக்கு வைக்கோல் அறுப்பது அந்த மூன்று வயலில்தான். அவை போனால் மலையில் இருக்கும் ஐந்நூறு ஆடும் பனியில் எதைத் தின்னும்? கையை விற்றுக் கையுறை வாங்கச் சொல்கிறான் வக்கீல்.

நடந்தது இதுதான். குட்டிக்காலத்தில் ஐசக் மேல்கொட்டகைக்குப் போய்விடுவார். மலைச்சரிவில், வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஏற்றம். அங்கே போன் எடுக்காது. வைக்கோலில் படுக்கை, சின்ன அடுப்பு. சீக்கிரம் ஈனுகிற ஆடுகளை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வார். மகன் ஜாஸ் சில நாட்களுக்கு ஒருமுறை ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த ஈஸ்டருக்கு மரியன் பிள்ளைகளோடு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நாலாம் தேதி, சனிக்கிழமை, ஜாஸ் ரொட்டி கொடுத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு எட்டாம் தேதி, புதன்கிழமை, பக்கத்துப் பண்ணைக்காரர் வில்ஃப் டைசனையும் கூட்டிக்கொண்டு மேலே போனான். ஐசக் செத்துக் கிடந்தார். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. பரணிலிருந்து விழுந்திருக்கிறார். அந்தக் குளிரில் எந்த நாள் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை கொடுத்த ரொட்டி அப்படியே இருந்தது, ஒரு கடிகூட இல்லை. அதனால் சனிக்கிழமையே செத்திருக்க வேண்டும் என்று ஜாஸ் சொல்கிறான். ஆனால் திங்கட்கிழமை காலையில் மேல்கொட்டகையில் புகை பார்த்ததாக வில்ஃப் எங்கோ வாய்விட்டிருக்கிறார். அது வரி ஆபீஸ் காதுக்குப் போய்விட்டது.

"எனக்கு ஆதாரம் வேணும்," என்றாள் மரியன். "பன்னெண்டு மணிக்கு முன்னாடி செத்தாருன்னு. எது வேணாலும் இருக்கட்டும். ஒரு மனுஷன் செத்த மணியை வெச்சு எங்களை வெரட்டுவாங்கன்னா, நானும் மணி காட்டுறேன்."

அப்போது ஜாஸ் உள்ளே வந்தான். நாற்பத்தைந்து வயசு, வாரம் முழுக்கத் தூங்காத முகம். இடது கையால் கதவைப் பிடித்தபடி நின்றான். எடித் யார் என்று மரியன் சொன்னதும், போனவரைத் தோண்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். கதவை அடிக்கவில்லை. மெதுவாகச் சாத்தினான்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் எடித் கேட்டாள். "என்ன தோணுது?"

"பண்ணை போகப்போகுதுன்னு கத்த வேண்டியவன் கத்தல. ஆதாரம் கிடைச்சா சந்தோஷப்பட வேண்டியவன் வேணாங்கறான்," என்றான் லென். "ஒண்ணு அவன் ஞானியா இருக்கணும். ஞானி யாரும் செம்மறி மேய்ச்சு நான் பாத்ததில்லை."

வில்ஃப் டைசனுக்கு எழுபது வயசு. உண்மையைச் சொன்னதற்காக ஊரே தன்னைக் கரித்துக்கொட்டுகிறது என்ற எரிச்சலில் இருந்தார். கடையில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தேவாலயத்தில் பக்கத்து இருக்கை காலி. வரி ஆபீஸுக்குத் தான் கடிதம் எழுதவில்லை என்று மூன்று தடவை சொன்னார். விடுதியில் பீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னதாம். அங்கே நிலத்துக்கு விலை மதிக்கிற ஆள் எவனோ உட்கார்ந்திருக்கிறான்.

"ஏம்மா எடித், புகையைப் பாத்தேன், சொன்னேன். மேகத்தைப் பாத்தேன்னு பொய் சொல்லச் சொல்றாங்களா?"

எடித் புகையைப் பற்றி மேலே கேட்கவே இல்லை. புதன்கிழமை கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டதை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னாள். ஐசக் கிடந்த இடம், அணைந்த அடுப்பு, ரொட்டி, நோட்டுப் புத்தகம் என்று அவர் அடுக்கினார். அப்புறம் ஆடு என்றார். வாசலுக்குப் பக்கத்துப் பட்டியில் ஒரு தாயாடும் சட்டை போட்ட குட்டியும் இருந்தனவாம். அந்த ஆட்டைத் தன்னுடைய மலையேறும் பண்ணை வண்டியில்தான் கீழே கொண்டுவந்தாராம்.

சட்டை என்றால் லென்னுக்குத் தெரியும். ஒரு ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறக்கும். இன்னொரு குட்டிக்குத் தாய் செத்திருக்கும். அந்தத் தாயில்லாக் குட்டியை இந்த ஆடு முகர்ந்து பார்த்து முட்டித் தள்ளும். செத்த குட்டியின் தோலை உரித்து உயிரோடு இருப்பதற்கு மாட்டிவிட்டால், தன் வாசனை என்று நம்பிப் பால் கொடுக்கும். இரண்டு மூன்று நாளில் தோலைக் கழற்றிவிடலாம். உலகத்திலேயே நல்ல மோசடி அது ஒன்றுதான் என்று லென் நினைத்துக்கொள்வான்.

"அந்தச் சட்டையை யாரு கழட்டினது?" எடித் கேட்டாள்.

"நான்தான். வெட்டித்தான் எடுத்தேன். ஐசக் போட்டதாச்சே, சுலபமா வருமா?"

ஐசக் போட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு வில்ஃப் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்தப் பள்ளத்தாக்கில் மற்ற எல்லோரும் செத்த குட்டியின் வயிற்றைக் கீறித் தோலை எடுத்து, மற்றதன்மேல் போர்த்தி நூலால் கட்டுவார்கள். ஐசக் மட்டும் வயிற்றைக் கீறமாட்டார். கழுத்து வழியாகக் கம்பளிச் சட்டையைக் கழற்றுவதுபோல முழுசாக உருவி எடுப்பார். நாலு காலுக்கும் நாலு ஓட்டை. நூலே வேண்டாம். ஜாஸுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தார். அவனுக்குக் கை வரவில்லை, ஒவ்வொரு தடவையும் கிழித்துவிடுவான்.

"பட்டியில இருந்த அந்த ஆட்டுக்கு எண் போட்டிருந்துதா?"

வில்ஃப் யோசிக்கக்கூட இல்லை. பதினாலு என்றார். சிவப்பில் பதினாலு. தாய் மேலேயும் குட்டி போட்டிருந்த சட்டை மேலேயும்.

ஜாஸ் அன்றைக்கு எண் ஏதாவது போட்டானா என்று எடித் கேட்டாள். வில்ஃப் முறைத்தார். அப்பன் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவனாவது ஆட்டுக்குச் சாயம் அடிப்பானா? போனதிலிருந்து இறங்கும்வரை இரண்டு பேரும் சேர்ந்தே இருந்தார்கள். அந்த எண் அவர்கள் போகும்போதே இருந்தது.

மேல்கொட்டகைக்கு ஏறும்போது லென் தன் முழங்காலையும், எடித்தையும், இங்கிலாந்து நாடாளுமன்றத்தையும் அந்த வரிசையில் திட்டிக்கொண்டே வந்தான். எடித்துக்கு மூச்சு வாங்கவில்லை. அறுபது வயசில் இப்படி ஏறுகிறவளைப் பார்த்தால் கோபம்தான் வரும்.

வெட்டிய தோல் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது, காய்ந்து விறைத்துப்போய். வில்ஃப் சொன்னது சரி. அவர் கத்தி போன ஒரே வெட்டைத் தவிர வேறு கீறல் இல்லை. நூல் இல்லை. கழுத்து வட்டம் அழகாக இருந்தது. முதுகில் சிவப்புச் சாயத்தில் பதினாலு.

நோட்டுப் புத்தகத்தை மரியன் எடித்திடம் கொடுத்திருந்தாள். ஐசக் ஒவ்வொரு சாயங்காலமும் எழுதியிருக்கிறார்: எண், எத்தனை குட்டி, மழையா காற்றா. கடைசிப் பதிவு வெள்ளிக்கிழமை, மூன்றாம் தேதி. எண் பதினொன்று, இரட்டைக் குட்டி, வடக்குக் காற்று. அதற்குப் பிறகு வெறும் தாள்.

"சனிக்கிழமை எழுதல," என்றான் லென். "அப்போ சனிக்கிழமை சாயங்காலத்துக்கு முன்னாடியே விழுந்துட்டாரு. நல்ல விஷயம்தானே? மரியன் கேட்ட ஆதாரம்."

எடித் வைக்கோல் படுக்கையைக் காட்டினாள். பரணுக்கு நேர் கீழே கல் தரை. படுக்கை அங்கே இல்லை, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ஐசக்கும் அதில்தான் கிடந்தார் என்று வில்ஃப் சொல்லியிருந்தார். இடுப்பு உடைந்தவர் பன்னிரண்டு அடி தூரம் வைக்கோலையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்தாரா?

லென்னுக்கு நகைச்சுவை வற்ற ஆரம்பித்திருந்தது.

அவர்கள் கீழே வந்தபோது பிற்பகல் மூன்று மணி. வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் குட்டி போட்ட ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மரியன் பால் புட்டிகளோடு நின்றாள்; ஐசக் உரித்த பதினாலாம் எண் தோல் சட்டையைப் பற்றி எடித் அவளிடம் சொன்னாள். லென் வேலியில் சாய்ந்து ஆடுகளைப் பார்த்தான். இருபது வருஷம் அவன் செய்த வேலை அதுதான், ஆடு பார்ப்பது.

எல்லா ஆட்டின்மேலும் எண். சிலதில் நீலம், சிலதில் சிவப்பு, சிலதில் பச்சை. ஏன் இத்தனை நிறம் என்று அவன் மரியனிடம் சும்மாதான் கேட்டான். அவளும் சும்மாதான் சொன்னாள். மாமனார் வைத்த பழக்கம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சாயத்தை மாற்றிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே எந்த வாரத்துக் குட்டி என்று தெரியும். முதல் வாரம் நீலம், அடுத்தது சிவப்பு, இந்த வாரம் பச்சை. டப்பாக்களை மொத்தமாக வாங்கி மேல்கொட்டகையிலும் வைத்திருப்பார்.

"அஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீலம்," என்றான் லென்.

"ஆமா."

"திங்கட்கிழமையிலேர்ந்து சிவப்பு."

"அதான் சொன்னேனே."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆடுகளுக்கு நடுவே பதினாலாம் எண்ணைத் தேடினாள். வேலி ஓரத்தில் நின்றது, குட்டி மடியில் முட்டிக்கொண்டிருந்தது. பத்து நாள் ஆகியும் சிவப்பு மங்கவில்லை.

மரியன் புட்டிகளைத் தரையில் வைத்தாள். "திங்கட்கிழமை உயிரோட இருந்தாரா?"

எடித் பதில் சொல்லுமுன் லென் இன்னொன்றைப் பார்த்துவிட்டான். பார்த்தபின் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தான். ஒன்றிலிருந்து பதினொன்று வரை நீல எண்கள் எல்லாம் ஆட்டின் இடது விலாவில் இருந்தன. பன்னிரண்டும் பதின்மூன்றும் நீலம்தான், ஆனால் வலது விலாவில். பதினாலு, சிவப்பு, வலது விலாவில். அதற்கு மேல் எல்லாமே வலது. வலக்கைக்காரன் இடக்கையால் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு இடது விலாவில்தான் எழுதுவான்; இடக்கைக்காரனுக்கு வலது விலா.

அவன் எடித்தின் தோளைத் தொட்டான். கையால் காட்டினான். அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஜாஸ் இடக்கையா?" என்று மரியனிடம் கேட்டாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் கதவைப் பிடித்த கையை மூன்று பேரும் பார்த்திருந்தார்கள்.

ஜாஸ் கொட்டகையில் ஒரு ஆட்டுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். முதல் குட்டி, கால் மடங்கி வந்துகொண்டிருந்தது. மரியனை வெளியே இருக்கச் சொல்ல எடித் வாயைத் திறந்தாள். காசு கொடுக்கப்போவது நான், நானும் கேட்கிறேன் என்று மரியன் முடித்துவிட்டாள்.

எடித் நின்றபடியே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மேலே மூன்று ஆடு ஈன்றிருக்கிறது. மூன்றுக்கும் இடக்கைக்காரன் எண் போட்டிருக்கிறான். ஒன்று சிவப்பில், அதாவது திங்கட்கிழமை. சனிக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் மேலே போகவே இல்லை என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்தச் சிவப்பு ஆட்டின் குட்டிக்குத் தோல் சட்டை போட்டது உன் அப்பா. உனக்கு அந்த வேலை வராது. அவருக்கோ எழுந்து ஆட்டைப் பிடிக்க முடியாது. ஒரே வேலை, இரண்டு பேர் கை.

"எதையும் போடாம வந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, ஜாஸ். ஏன் எண் போட்ட?"

அவன் குட்டியின் மடங்கிய காலை நேராக்கி வெளியே இழுத்தான். வைக்கோலால் அதன் மூக்கைத் துடைத்தான். அது தும்மியது. தாயின் முகத்துக்கு நேரே தள்ளிவிட்டான்.

"குட்டி போட்டா எண் போடணும்," என்றான். வேறு காரணம் இருக்க முடியுமா என்பதுபோல அவளைப் பார்த்தான்.

அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் போனேன். கல் மேல கிடந்தாரு. காலையில விழுந்திருக்காரு. தூக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாரு. இன்னிக்கு என்ன தேதின்னாரு. நாலுன்னேன். அப்போ நேரம் இருக்கு, என்னை விடுன்னாரு."

மரியன் சுவரில் கை வைத்தாள்.

"எனக்கு முதல்ல விளங்கல. விளங்கினதும் அடிக்கக் கை ஓங்கிட்டேன். எங்கப்பாவை. கீழே கொண்டுபோனா ஆஸ்பத்திரியில ஊசி போட்டு ஒரு மாசம் இழுத்துடுவாங்க, உன் பசங்க தெருவுல நிப்பாங்கன்னாரு. ரொட்டியைத் தொடல. தண்ணியும் வேணாம்னாரு. வைக்கோலோட அடுப்பு பக்கத்துல இழுத்துப் போட்டேன், அதுக்கு மட்டும் விட்டாரு. ஞாயித்துக்கிழமை பூராவும் கெஞ்சினேன். ரெண்டு தடவை ஆள் கூட்டிட்டு வரேன்னு வாசலைத் தாண்டினேன். போனா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு கத்தினாரு. திரும்பி வந்துட்டேன். நடுவுல ரெண்டு ஆடு ஈனுச்சு. பாத்தேன். பாக்காம என்ன பண்றது?"

லென்னுக்கு வெட்கமாக இருந்தது. கோபம் வந்தால் தேவலை என்று நினைத்தான், வந்தது. ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. எங்கேயோ சூடான அறையில் ஒருத்தன் தாளில் ஒரு தேதி போட்டிருக்கிறான். அவனுக்கு அது வெறும் தேதி. அந்தத் தேதியை இந்தக் கிழவன் கத்தி மாதிரி கையில் எடுத்து மகன் கழுத்திலேயே வைத்திருக்கிறார். இரண்டு பேரில் யாரை முதலில் உதைப்பது?

"பன்னெண்டு தாண்டுச்சு," என்றான் ஜாஸ். "அவருக்கு ஒண்ணும் ஆகல. கைக்கடிகாரத்தைப் பாத்தாரு. வீணாப்போச்சுடா ஜாஸ்னாரு. அதுவரைக்கும் ஒரு தடவை முனகல அந்த மனுஷன். அதுக்கப்புறம்தான் வலிச்சுது அவருக்கு. விடியற வரைக்கும் வலிச்சுது."

இருட்டில் உதவிக்குக் கீழே இறங்கவும் முடியவில்லை, மலையில் ஒரு அடி தூரம் தெரியாத மூடுபனி. விடிந்து பனி விலகியதும் ஆள் கூட்டிவர வண்டியைக் கிளப்பினானாம். வாசலில் ஒரு ஆடு செத்த குட்டியை நக்கிக்கொண்டு நின்றது. பக்கத்துப் பட்டியில் தாயில்லாத குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. ஐசக் உள்ளே இருந்து குரல் கொடுத்தார்: அதை முடித்துவிட்டுப் போ, குட்டியைக் கொண்டா. படுத்தபடியே உரித்தார். கை நடுங்கவில்லை. ஜாஸ் அதை மற்ற குட்டிக்கு மாட்டி, ஆட்டிடம் விட்டு, அது பால் கொடுக்கிறதா என்று நின்று பார்த்து, எண் போட்டான். திங்கட்கிழமை என்பதால் புது டப்பாவை உடைத்தான். பால் குடிச்சுடுச்சுப்பா என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான்.

கேட்க அப்பா இல்லை. அப்போது மணி ஒன்பதே கால்.

"அவர் பட்டது வீணாகக் கூடாதுன்னு தோணுச்சு. அதான் கீழ வந்து வாயை மூடிக்கிட்டேன். புதன்கிழமை வில்ஃபைக் கூட்டிட்டுப் போனேன், நாள் குழம்பட்டும்னு. வக்கீல் ஒரு தாள் எழுதி வெச்சிருக்கான். சனிக்கிழமை தனியாக் கிடந்து செத்துட்டாருன்னு நான் சத்தியம் பண்ணணுமாம். ஒரு வாரமாக் கையெழுத்துப் போடப் போறேன், முடியல." அவன் முதல்முறையாக மரியனைப் பார்த்தான். "தனியாச் சாகலையே அவர்."

எடித் தன் தொப்பியைக் கழற்றினாள். மரண விசாரணை அதிகாரி கேட்டால் தான் பொய் சொல்லப்போவதில்லை என்றும், ஆனால் அதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம் என்றும் மரியனிடம் சொன்னாள். வராத உதவிக்கு நீங்கள் கூலி தர வேண்டாம் என்றாள்.

மரியன் அது காதில் விழாததுபோல நேராக ஜாஸிடம் போனாள். ஓங்கி ஒரு அறை விட்டாள். புதுத் தாயாடு மிரண்டு குட்டியோடு மூலைக்குப் போனது.

"இது உனக்கில்லை," என்றாள். "உங்கப்பாவுக்கு. அவர் எட்டாத இடத்துக்குப் போயிட்டாரு."

ஜாஸ் கன்னத்தைத் தொடவில்லை.

"கிளம்பு. பென்ரித் டவுனுக்குப் போய் அந்த அதிகாரிகிட்ட சொல்லிட்டு வருவோம். திங்கட்கிழமை, ஒம்பதே கால். நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்."

"பண்ணை போயிடும், மரியன்."

"போகட்டும்," என்றாள் அவள். சாவிக்காகப் பையைத் துழாவினாள். சாவி சிக்கவில்லை. "உனக்கும் ஒரு நாள் எண்பது வயசு வரும். என் பையன் உன் பக்கத்துல உக்காந்து மணி பாக்கக் கூடாது."